நீலக் குழலில் சிவந்த புள்ளிகள்

வாசகப் பெருமக்கள் முதலில் மன்னிக்க வேண்டும். கதை எழுதும் தகுதி தனக்கு உண்டென்று இதை எழுதுபவன் ஒருநாளும் எண்ணியதில்லை. பள்ளியில் இலக்கணமும் கல்லூரியில் தர்க்கமும் கற்றவனெல்லாம் துப்பறியும் நாவல் எழுதப் புறப்பட்டால், ரயிலடியில் காசு கொடுத்துப் புத்தகம் வாங்கும் அன்பர்களின் கதி என்னாவது? இந்த அச்சத்தினாலேயே இந்த அத்தியாயம் பலமுறை எழுதப்பட்டுப் பலமுறை கிழிக்கப்பட்டது. இதில் வரும் கொடுமைகளைச் சற்றே குறைத்துச் சொல்ல முயன்றதும் உண்டு. அவை குறைய மறுத்துவிட்டன. அதற்காகவும் பொறுத்தருளக் கோரி, கைகூப்பியபடியே கதைக்குள் நுழைகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. புதுச்சேரியில் இரவு முழுவதும் பெய்த மழை காலையில்தான் விட்டிருந்தது. தனிஸ்லாஸ் என்பவரின் வீட்டுக் கூடத்தில், சாப்பாட்டு மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் ஒரு புத்தம் புதிய இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கியைக் கிடத்தியிருந்தார்கள். இறந்தவரைக் கிடத்துகிற அதே பக்குவம். தலைமாட்டில் மெழுகுவத்தி ஒன்றுதான் குறை.

"துக்க வீடுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா வர்ற வழியில மாலை வாங்கியாந்திருப்பேனே, முசியே" என்று மெதுவாகச் சொன்னாள் சொர்ணம்.

முசியே என்று பிரெஞ்சு மரியாதையோடு அவள் விளித்தது துப்பறிவாளர் தெய்வநாயகத்தை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் அவர். கொடி மாறியதும் வேலை போயிற்று. பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியறை பிடித்து, 'அந்தரங்க விசாரணைகள்' என்று பலகை மாட்டிக்கொண்டார். சொர்ணம் சினிமாக் கொட்டகையில் பெண்கள் பக்கம் டிக்கெட் கிழித்துக் கொண்டிருந்தவள். ஏதோ ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வந்தவள், அவருடைய உதவியாளராகவே தங்கிவிட்டாள். அவளுடைய அறிவுக்குத்தான் சம்பளம் என்றும், நாக்கைப் பொறுத்துக்கொள்வது தமது தருமம் என்றும் தெய்வநாயகம் சொல்லிக்கொள்வதுண்டு.

"பாருங்க" என்றார் தனிஸ்லாஸ். "நல்லாப் பாருங்க. சனிக்கிழமை சாயங்காலம் வாங்கினேன். பிரான்சுலேர்ந்து பெட்டியோட வந்த சரக்கு. இன்னைக்குக் காலைல எடுத்துப் பார்த்தா இந்த லட்சணம்."

தனிஸ்லாஸ், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் வரை போய்ச் சண்டையிட்டு, பென்ஷனோடு திரும்பிய 'சொல்தா'. வயது அறுபதை எட்டியும் முதுகு வளையவில்லை. குரலை உயர்த்திப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. எவ்வளவு கடுமையான சொல்லையும் பரிமாறுகிறவரைப்போல் இதமாகவே எடுத்து வைப்பார்.

தெய்வநாயகம் குனிந்து பார்த்தார். குழல்கள் இரண்டும் மழைக்கால மேகத்தின் நிறத்தில், கருநீல மெருகோடு இருந்தன. அந்த மெருகின்மேல் கேழ்வரகு தூவினாற்போலச் செம்மண் நிறப் புள்ளிகள். கட்டைப் பகுதியில் வார்னிஷ் ஆங்காங்கே வெளுத்திருந்தது. அடிபட்ட வடுவோ கீறலோ இல்லை. சுடுவதற்கு எந்தப் பழுதும் இல்லை. அழகு மட்டுமே கெட்டிருந்தது.

"அம்மை போட்டிருக்கு" என்றாள் சொர்ணம். "பச்சைப் புள்ளை. வாசல்ல வேப்பிலை கட்டலாமா?"

தனிஸ்லாஸ் அவளை ஒரு பொருளாகவே கருதாமல் தெய்வநாயகத்திடம் பேசினார். "யார் செஞ்சதுன்னு எனக்குத் தெரியும். வேலைக்காரன் பஞ்சநாதன். மீன்பிடிக்கிற சாதி. விடியக்காலம் கட்டுமரத்துல போய்ட்டு, அந்த உப்புக் கையோடயே இங்க வேலைக்கு வருவான். திருடிட்டுப் போகத்தான் எடுத்திருக்கான். நான் எழுந்து வர்ற சத்தம் கேட்டு வெச்சிட்டான். போலீஸ்ல புது இன்ஸ்பெக்டர், மெட்ராஸ்காரர். வெறும் புள்ளியக் காட்டினா வழக்கு நிக்காதுங்கிறார். நீங்க கோர்ட்டுல இருந்த மனுஷன். இது உப்புக் கை பட்ட கறைதான்னு சாயங்காலம் வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். துப்பாக்கித் திருட்டுன்னா இப்ப இருக்கிற கவர்ன்மெண்டுல லேசுல விட மாட்டாங்க."

"அந்தப் பஞ்சநாதன் எங்கே?"

"கொல்லைல. ஓடிடக் கூடாதில்ல."

கொல்லையில் கிணற்றுத் தூணோடு சேர்த்துக் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தான் பஞ்சநாதன். முப்பது வயதிருக்கும். மழையில் நனைந்து மழையிலேயே காய்ந்தவன்போல வெளிறிப் போயிருந்தான். அவனுடைய வலது கை மடியில் தனியாகக் கிடந்தது. அதன் இரண்டு விரல்கள் நீலம் பாரித்து, மற்ற விரல்களோடு ஒட்டாமல் வேறு பக்கம் திரும்பியிருந்தன. பக்கத்துச் சேற்றில் பூட்ஸ் தடம் ஒன்று ஆழமாகப் பதிந்திருந்தது. இதற்கு மேல் விவரிக்க வேண்டாமென்று நினைக்கிறேன்.

தெய்வநாயகம் குத்துக்காலிட்டு அமர்ந்தார். "பஞ்சநாதா, பயப்படாதே. நடந்ததைச் சொல்."

"நான்தான் எடுத்தேன், ஐயா" என்றான் அவன் உடனே. "திருடத்தான் எடுத்தேன். அப்படியே போலீசுல சொல்லிடுங்க."

"ஏன்டாப்பா" என்றாள் சொர்ணம், "திருட வந்தவன் துப்பாக்கிய வுட்டுட்டு, புள்ளிய மட்டும் வெச்சிட்டா போனே? கோலம் போட வந்தியா?"

"இல்லக்கா. கை ஈரம் பட்டுடுச்சி."

"எந்தக் கை?"

"இந்தக் கை."

"எங்கே பிடித்தாய்?" என்று கேட்டார் தெய்வநாயகம்.

"குழாயில. நடுவுல. இறுக்கிப் புடிச்சேன்."

தெய்வநாயகத்தின் முகத்தில் ஒளி தோன்றியது. இறுக்கிப் பிடித்த கை, தீற்றலாகத்தான் கறை வைக்கும். விரல் விரலாகப் பட்டை விழும். அங்கே இருந்தவையோ முழு வட்டப் புள்ளிகள். மேலிருந்து விழுந்த துளிகள் அல்லாமல் வேறெதுவும் அப்படி விழாது. இவன் பொய் சொல்கிறான். அதுவும் தன்னைச் சிறைக்கு அனுப்பும் பொய்யை விரும்பிச் சொல்கிறான்.

"யாரைக் காப்பாற்றுகிறாய்?"

பஞ்சநாதன் தலையைக் குனிந்துகொண்டான். "ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். நான் சொன்னபடியே சொல்லிடுங்க. ஜெயிலு எனக்கு ஒண்ணும் பெரிசில்ல."

சமையலறை வாசலில் ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தார். தனிஸ்லாஸின் மனைவி அகஸ்டினா. ஒல்லியான உருவம், கையில் செபமாலை. தெய்வநாயகம் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். அடுப்பில் ஏதோ புளிப்பும் காரமுமாகக் கொதிக்கும் வாசனை அவரைத் தொடர்ந்து வந்தது.

மீண்டும் கூடத்துக்கு வந்த தெய்வநாயகம், துப்பாக்கியைச் சுவரில் அதன் முளைகளின்மேல் மாட்டச் சொன்னார். மாட்டியதும் எல்லாம் தெளிவாயிற்று. புள்ளிகள் குழலின் மேற்பக்கத்தில் மட்டுமே இருந்தன. அதுவும் தாறுமாறாக இல்லை; சாய்வான மூன்று வரிசைகளாக, மூன்று முறை கை வீசித் தெளித்தாற்போல. துப்பாக்கியைத் தாங்கிய இரும்பு முளைகளின் தலையிலும் அதே துரு. ஆனால் பக்கத்து ஜன்னல் கீல்கள் பளிச்சென்று இருந்தன.

"கடல் காற்று இல்லை" என்றார் அவர். "கடல் காற்றென்றால் கீல்களையும் தின்றிருக்கும். நீங்கள் துப்பாக்கியை எப்படித் துடைத்தீர்கள்?"

"பெட்டியில கெட்டியா மசகு பூசியிருந்தாங்க. நானே மண்ணெண்ணெய் போட்டு எல்லாத்தையும் எடுத்தேன். கண்ணாடி மாதிரி ஆச்சு."

"மசகு என்ற ஆடையைக் கழற்றிவிட்டு மழைக்காலத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள்" என்ற தெய்வநாயகம், யாரும் எதிர்பாராத வண்ணம் தலையைச் சாய்த்து, குழலின்மேல் நாக்கின் நுனியை வைத்தார்.

"முசியே!" என்றாள் சொர்ணம். "காலைல இட்லி சாப்பிட்டீங்களே!"

"உப்பு" என்றார் அவர், கைக்குட்டையால் வாயைத் துடைத்தபடி.

"நான்தான் சொன்னேனே" என்றார் தனிஸ்லாஸ்.

"உப்பு சரி. கை சரியில்லை. மதியத்துக்குள் பதில் சொல்கிறேன். அதுவரை அவனைப் போலீசிடம் ஒப்படைக்க வேண்டாம். கட்டையும் அவிழ்த்துவிட்டால் நல்லது."

தனிஸ்லாஸ் புன்னகைத்தார். "பதில் வந்ததும் அவிழ்க்கலாம். நான் வழக்கமா இந்நேரம் கிளப்புக்குப் போய்ச் சீட்டாடுவேன். உங்களுக்காக இன்னைக்கு வீட்லயே இருக்கேன்."

சமையலறையில் ஏதோ ஒரு பாத்திரம் கை நழுவி விழுந்தது.

தெருவுக்கு வந்ததும் சொர்ணம் கேட்டாள்: "உப்புத் தண்ணிய யாரு முசியே துப்பாக்கிமேல தெளிப்பாங்க? ஊறுகாயா போடப் போறாங்க?"

"ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இவர்களுடைய கிறிஸ்தவக் கோயில் வாசல் வழியாக நடந்து போவதுண்டு. பூசை தொடங்கும் முன்பு சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். பெண்களின் பட்டுப் புடவையில் துளி விழும் அழகைப் பார்த்திருக்கிறாயா? சாய்வாக, வரிசையாக."

"எங்க பெருமாள் கோயில் தீர்த்தத்துல பச்சைக் கர்ப்பூரம்தான் போடுவாங்க. இவங்க தீர்த்தத்துல உப்பா?"

"அதைத்தான் போய்க் கேட்கப் போகிறோம்."

கோயிலில் உபதேசியார் சூசைநாதன் மெழுகுவத்தி வடித்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பேச ஆள் கிடைக்காமல் தவித்தவர் போலும்; ஒரு கேள்விக்கு மூன்று பதில் சொன்னார்.

"உப்பு இல்லாம தீர்த்தம் ஏதுங்க? சாமியார் முதல்ல உப்பை மந்திரிப்பார், அப்புறம் தண்ணிய மந்திரிப்பார், அப்புறம் ரெண்டையும் கலப்பார். முறைப்படி ஒரு சிட்டிகைதான். ஆனா பாருங்க, மழைக்காலத்துல தொட்டித் தண்ணியில கொசு முட்டை போட்டுடுது. போன வருஷம் ஒரு மதாம் விரலை விட்டு நெத்தியில வெச்சா, புழு ஒட்டிக்கிட்டு வருது! அதனால சாமியார் முன்னாடி வைக்கிற உப்புத் தட்டுல நானே ஒரு பெரிய பிடியா அள்ளி வெச்சிடுறது. அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாது. மந்திரிச்சிடுவார்."

சொர்ணம் வாசல் தொட்டியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். "பிடியா? இதுல மாங்கா ஊறப் போடலாம், உபதேசியாரே."

"சமீபத்தில் யாராவது புட்டியில் எடுத்துப் போனார்களா?" என்று கேட்டார் தெய்வநாயகம்.

"நிறைய பேர் எடுப்பாங்க. சனிக்கிழமை ராத்திரி செபத்துக்கு வந்தப்போ தனிஸ்லாஸ் வீட்டு மதாம்கூட எடுத்தாங்க. காலி கோஞ்ஞாக் பிராந்திப் புட்டியில. பாவம், நல்ல மனுஷி. ஒரு வேடிக்கை கேட்டாங்க பாருங்க." அவர் சிரித்தார். "'உபதேசியாரே, மந்திரிச்ச தண்ணியத் தெளிச்சா துப்பாக்கி குறி தப்புமா?'ன்னாங்க. 'தண்ணி தெளிச்சா வாத்து தப்பாது மதாம், சளி பிடிக்கும்'னேன். அவங்களுக்குச் சிரிப்பே வரல. போன வருஷத்துக் குருத்தோலை ஒண்ணு கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. தெளிக்கிறதுக்குத்தான்."

தெய்வநாயகம் படிக்கட்டில் இறங்கும்போது அவருடைய நடையில் ஒரு துள்ளல் இருந்தது. உப்பு, துளி, வரிசை, ஓலை எல்லாம் கை கோத்துக்கொண்டன. பத்து நிமிடத்தில் பஞ்சநாதனின் கட்டு அவிழ்ந்துவிடும்.

சொர்ணம் துள்ளவில்லை.

"முசியே, அந்த வீட்டுப் பிள்ளை கதை உங்களுக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியுமே. சவேரிநாதன். பிரெஞ்சுக் கொடி இறங்கிய அன்று தெருவில் மிட்டாய் கொடுத்தான். சொல்தாவுக்கு அது பொறுக்கவில்லை. 'இனி இந்த வாசப்படி மிதிச்சா சுட்டுத் தள்ளுவேன்' என்று தெரு நடுவில் நின்று சத்தியம் செய்தார். பையன் போய்விட்டான். நெய்வேலியில் வேலை என்று கேள்வி. நான்கு வருடமாக வரவில்லை."

"தாய்க்காரி அவனுக்காகத்தான் தெளிச்சிருக்கு."

"இருக்கலாம். வீட்டில் புதிதாகத் துப்பாக்கி வந்ததும் பழைய பயம் தலை தூக்கியிருக்கும்."

"பழைய பயத்துக்கு யாரும் ராத்திரில புட்டி தூக்கிட்டு ஓட மாட்டாங்க, முசியே. அந்தப் பையன் வரப் போறான். இன்னைக்கோ நாளைக்கோ. இவரு கிளப்புக்குப் போற நேரமாப் பார்த்து வருவான். பஞ்சநாதனுக்கும் அது தெரியும். அதான் விரல் உடைஞ்சும் வாயத் திறக்கல."

தெய்வநாயகம் நின்றார். மழைத் தண்ணீர் தேங்கிய சாலையில் ரிக்‌ஷா ஒன்று அவரைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அவள் சொன்னதில் ஓட்டை எதுவும் தென்படவில்லை. அதுவே அவருக்குக் கசந்தது.

"அப்படியானால் ஒரு நிரபராதியைச் சிறைக்கு அனுப்பச் சொல்கிறாயா?"

"கடல் காத்துன்னு சொல்லுங்க. ஜன்னல் கீல் பொய் சொல்லுதுன்னு சொல்லுங்க. கடைக்காரன் பெட்டியிலேயே துரு இருந்துச்சுன்னு சொல்லுங்க. இத்தனை வருஷம் கோர்ட்டுல இருந்தீங்க, ஒரு பொய் வராதா?"

"பொய் சொன்னால் அவர் நம்ப மாட்டார். வழக்கைப் பஞ்சநாதன் தலையிலேயே முடித்துவிடுவார்" என்றார் தெய்வநாயகம். அது ஓரளவு உண்மை. தாம் கண்டுபிடித்ததை ஒருவரிடமாவது முழுதாகச் சொல்லிக் காட்ட வேண்டுமென்று அவர் மனம் துடித்ததும் உண்மை. "பாதியைச் சொல்கிறேன். புதுப் பொருளை மந்திரிப்பது அந்த வீட்டுப் பெண்களின் வழக்கம், பக்தியினால் செய்தது என்று முடித்துவிடுகிறேன். பயம், பிள்ளை, குறி தப்புவது, எதுவும் என் வாயிலிருந்து வராது."

"ஒரு கட்டை அவுத்து இன்னொரு கட்டைப் போடப் போறீங்க" என்றாள் சொர்ணம். அதன் பிறகு வழி நெடுக அவள் ஒரு கேலியும் பேசவில்லை.

தெய்வநாயகம் பாதியைத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பாதியை மிக அழகாகச் சொன்னார். கையின் கறை வேறு, துளியின் கறை வேறு என்று விளக்கினார். மசகு நீங்கிய எஃகின்மேல் உப்புநீர் ஒரே நாளில் பூக்கும் என்றார். மூன்று வரிசைகளையும் பென்சில் முனையால் சுட்டிக் காட்டினார். "ஆக, இது திருட்டும் இல்லை, நாசவேலையும் இல்லை. உங்கள் துணைவியார் பக்தியோடு தெளித்த தீர்த்தம். சாமியாருடைய ஆசீர்வாதம் சற்று உப்பாக இருந்துவிட்டது, அவ்வளவுதான்" என்று முடித்துச் சிரித்தார்.

தனிஸ்லாஸ் சிரிக்கவில்லை; கோபிக்கவும் இல்லை. வெகு கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பியேன். ரொம்ப நல்லாருக்கு. உங்க மூளைக்கு இந்த ஊர் சின்னது." அவர் கொல்லைப்பக்கம் திரும்பி, "அந்தப் பொண்ணு போய் அவனை அவுக்கட்டும்" என்றார். சொர்ணம் ஓடினாள். "எனக்கு ஒரு சந்தேகம், முசியே. அகஸ்டினா ஒரு தையல் மெஷின் வாங்கினப்போ சாமியாரையே வீட்டுக்குக் கூப்பிட்டு, பலகாரம் செஞ்சு வெச்சு மந்திரிச்சா. துப்பாக்கிய மட்டும் ஏன் எனக்குத் தெரியாம மந்திரிக்கணும்?"

தெய்வநாயகம் பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

தனிஸ்லாஸ் மூக்கை உயர்த்தி ஒருமுறை மோந்தார். எழுந்து சமையலறைக்குப் போய், அடுப்பிலிருந்த மண்சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"பன்றிக்கறி விந்தாலு" என்றார். "எனக்கு வயித்துப் புண். டாக்டர் புளிப்பும் காரமும் தொடக் கூடாதுன்னு ரெண்டு வருஷம் ஆகுது. நீ கறி சாப்பிடுறதே இல்ல. யாருக்கு, அகஸ்டினா? எப்ப வர்றான்?"

அகஸ்டினா மூடியை வாங்கிச் சட்டியை மூடினார்.

"நான் கிளப்புல இருக்கிற நேரத்துக்கு. இல்லியா? அலோர், அப்படின்னா இப்பத்தான் வருவான்." தனிஸ்லாஸ் கூடத்துக்கு வந்து, முளைகளிலிருந்து துப்பாக்கியை எடுத்தார். கைக்குட்டையால் ஒரு முறை துடைத்தார். "வாத்து சுடத்தான் வாங்கினேன். கர்த்தர்மேல ஆணை. அவன் நெனப்பே எனக்கு இல்ல. முசியே வந்து ஞாபகப்படுத்தினார்."

தெய்வநாயகம் எழுந்தார். "ஐயா, இது முறையல்ல. நான் போலீசுக்கு..."

"உட்காருங்க. நீங்க தெரு முனைக்குப் போறதுக்குள்ள அவன் வந்துடுவான். யாரும் சாக வேண்டியதில்ல. எல்லாம் இவ கையில இருக்கு." அவர் மனைவியின் தோளில் மென்மையாகக் கை வைத்து, வாசல் கதவருகே கொண்டுபோய் நிறுத்தினார். "நீயே கதவத் திறக்கணும். வந்தவன் யாருன்னு உனக்குத் தெரியாது. அழக் கூடாது. கண்ணால ஜாடை காட்டக் கூடாது. அவன் வாசப்படி மிதிக்காம திரும்பிப் போற மாதிரி பேசு. பேசத் தெரியலைன்னா, நான் இந்தப் பக்கத்துலேர்ந்து இதால பேசுறேன்."

அவர் ஜன்னலின் மரச் சட்டங்களைச் சற்றே திறந்து, அந்த இடுக்கில் குழலை வைத்து நின்றுகொண்டார். தெய்வநாயகம் உட்கார்ந்தார்.

வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. செருப்புச் சத்தம் கேட்டது. கதவு தட்டப்பட்டது. வெறுமனே தட்டவில்லை, பிள்ளைகள் தம் வீட்டுக் கதவைத் தட்டுகிற உரிமையோடு, உள்ளங்கையால் தட்டினான். அகஸ்டினா தாழ்ப்பாளை நீக்கினார்.

"யாருங்க வேணும்?" என்றார்.

வெளியே ஒரு சிரிப்பு. "இன்னாம்மா இது, விளையாட்டா? நான்தான். அவரு போயிட்டாருல்ல?"

"நீங்க யாரைத் தேடி வந்திருக்கீங்க?"

"அம்மா?"

"வீடு மாறி வந்துட்டீங்கபோல."

அந்தக் குரல் தணிந்து வந்தது. "பயந்துட்டு இருக்கியா? அவரு உள்ள இருக்காரா? இருக்காருன்னா தலைய மட்டும் ஆட்டு, நான் போயிடுறேன்."

ஜன்னல் இடுக்கில் குழல் ஒரு விரற்கடை நகர்ந்தது. அகஸ்டினாவின் தலை அசையவில்லை.

"உள்ள யாரும் இல்லீங்க" என்றார் அவர்.

"அப்ப ஏம்மா? கோவமா? நாலு வருஷம் வரலேன்னா? பஞ்சநாதன்கிட்ட எல்லாத்தையும் சொல்லியனுப்பினேனே. பொண்ணு பொறந்திருக்கும்மா. உன் பேருதான் வைக்கணும்னு காத்துட்டு இருக்கோம். ஞானஸ்நானத்துக்கு உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். சேலைகூட வாங்கியாந்திருக்கேன், பாரு."

"நீங்க சொல்றது எதுவும் எனக்குப் புரியலீங்க. எனக்குப் பிள்ளைங்க கிடையாது. வெயில்ல நிக்காதீங்க. போங்க."

அவர் கதவைச் சாத்தினார். மெதுவாகத்தான் சாத்தினார்.

வாசலில் துணி மூட்டை ஒன்று வைக்கப்படும் ஓசை. செருப்புகள் நாலடி போயின; பிறகு திரும்பி வந்தன. "தெரியாத வீட்டு வாசல்ல எதையும் வெச்சிட்டுப் போகக் கூடாதில்ல" என்று யாரிடமும் இல்லாமல் அந்தக் குரல் சொல்லிற்று. மூட்டை எடுக்கப்பட்டது. செருப்புகள் போயின. இம்முறை திரும்பவில்லை.

அகஸ்டினா கதவின்மேல் நெற்றியை வைத்து அப்படியே நின்றார்.

தனிஸ்லாஸ் ஜன்னலைச் சாத்தினார். துப்பாக்கியைக் கையில் ஏந்தி வந்து தெய்வநாயகத்தின் முன்னால் நின்று, ஒரு விசையை விலக்கி அதை இரண்டாக மடித்தார். தேர்ந்த கடைக்காரன் சரக்கைக் காட்டும் பணிவோடு குழல்களைத் தூக்கிப் பிடித்தார். இரண்டு குழல்களின் வழியாகவும் கொல்லைப்பக்க வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தது.

"தோட்டா இன்னும் வரல" என்றார். "அதுக்கு லைசன்ஸ்ல கையெழுத்து ஆகி வர்றதுக்கு அடுத்த மாசம் ஆகுமாம். மேல இருந்த புள்ளிய எல்லாம் அவ்வளவு நுணுக்கமாப் பார்த்தீங்களே, முசியே. உள்ள பார்க்கலியா?"

பார்க்கவில்லை. நாக்கால்கூட நக்கிப் பார்த்தவருக்கு, திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

கதவின்மேல் சாய்ந்திருந்த அகஸ்டினா திரும்பினார். அந்த இரண்டு வட்ட வெளிச்சங்களையும் பார்த்தார். தாழ்ப்பாளை நீக்க எடுத்த கை பாதியில் நின்றது. தெரு முனையில் பஸ் ஒன்று கிளம்பும் ஓசை கேட்டு அடங்கிற்று.

"பசிக்குது, அகஸ்டினா" என்றார் தனிஸ்லாஸ். "வயித்துப் புண் கிடக்கட்டும். இன்னைக்கு ஒரு நாள் விந்தாலு சாப்பிடலாம். இவ்வளவு பாடுபட்டுச் செஞ்சிருக்கே."

அகஸ்டினா பரிமாறினார். தனிஸ்லாஸ் ரசித்துச் சாப்பிட்டார்.

கொல்லைப்புறக் கதவு வழியாக வெளியே வந்த தெய்வநாயகம், சந்தில் சொர்ணத்தைக் கண்டார். பஞ்சநாதன் அவள் தோளில் சாய்ந்து நின்றான். தன் முந்தானையைக் கிழித்து அவனுடைய கையைக் கட்டியிருந்தாள். வாசலில் நடந்தது அனைத்தும் இருவர் காதிலும் விழுந்திருந்தது.

"தோட்டா இல்லை, சொர்ணம்" என்றார் அவர். "வெறும் துப்பாக்கி."

"எனக்காகவா ஐயா சொன்னீங்க?" என்று கேட்டான் பஞ்சநாதன். "நான்தான் சொல்ல வேணாம்னு சொன்னேனே."

"சொன்னதெல்லாம் சரிதான்டா" என்றாள் சொர்ணம். "ஐயா ஒரு தப்பும் சொல்லல. ஒண்ணு விடாம கண்டுபுடிச்சாரு." பிறகு தெய்வநாயகத்தைப் பார்த்து, கேலியின் சாயல்கூட இல்லாமல் சொன்னாள்: "இவனை ஆஸ்பத்திரில விட்டுட்டு நான் அப்படியே வீட்டுக்குப் போயிடுறேன். நாளைலேர்ந்து என்னை எதிர்பார்க்காதீங்க, ஐயா."

முசியே என்று அவள் சொல்லவில்லை.

இந்த விசாரணையில் இழந்தவற்றை இனிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பஞ்சநாதனுக்கு வலக் கையில் இரண்டு விரல்கள் போயின. மருத்துவர் அவற்றை எடுத்துவிட்டார். வலை இழுக்கும் தொழிலும் அவற்றோடு போயிற்று. வேலையும் போயிற்று. அகஸ்டினாவுக்கு ஒரு மகனும், கண்ணால் காணாத ஒரு பேத்தியும் போயினர். அந்தக் குழந்தைக்கு வேறு பெயர் வைத்தார்கள். சவேரிநாதனுக்குத் தாய் போனாள்; உண்மை இன்னதென்று சொல்லச் சொர்ணம் நெய்வேலி வரை போய் வந்தாள், அவன் அவளைப் பார்க்க மறுத்துவிட்டான். தெய்வநாயகத்துக்கு உதவியாளர் போனாள். சில நாளில் பலகையையும் கழற்றிவிட்டார். உபதேசியார் சூசைநாதன் எதையும் இழக்கவில்லை. உப்பைக் குறைக்கவும் இல்லை. தனிஸ்லாஸும் எதையும் இழக்கவில்லை. துப்பாக்கியின் மெருகில் மட்டும் சில புள்ளிகள் இருந்தன. தேங்காயெண்ணெயில் சாம்பல் குழைத்துத் தேய்த்ததில் அவையும் போய்விட்டன.